மூன்றாம் ஆளுக்கு இடமில்லாத வண்டி

தணிகாசலம்,

“நாலு சக்கரம் கீது, ரெண்டு பேர்தான் குந்தலாம்னா இது இன்னா கணக்கு நைனா?” என்று நீ ஒருமுறை என்னைக் கேட்டாய். உன் அக்கா சரோஜாவின் கல்யாணத்துக்கு மறுநாள் காலை, மாப்பிள்ளையின், அதாவது உன் பாவாவின், மோட்டார் வண்டி நம் தெருவில் வந்து நின்றபோது கேட்ட கேள்வி அது. ‘கீது’ என்று பேசாதே, ‘இருக்கிறது’ என்று சொல் என்று உன்னைத் திருத்தினேனே தவிர பதில் சொல்லவில்லை. வாத்தியார் வேலை பார்க்கும் அப்பன்களுக்கு இந்த வழக்கம் உண்டு. பதில் தெரியாத கேள்வி வந்தால் கேட்டவனின் பேச்சில் குறை கண்டுபிடிப்போம். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். திருத்துவதற்கு யாரும் இல்லை, பதில் சொல்ல நேரம் நிறைய இருக்கிறது. அந்தப் பதில் கொஞ்சம் நீளம். அதில் ஒரு மோட்டார் கம்பெனியின் கதையும் உன் அக்கா செத்துப்போன கதையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

நீ பட்டணத்திலிருந்து போட்ட கார்டு வியாழக்கிழமை வந்தது. பள்ளிப்பட்டுப் பெண் வீட்டார் கேட்டிருந்த விவரங்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுதியிருக்கிறாய். கடைசியில், பாவாவுக்குப் பத்திரிகை வைக்க வேண்டாம், அவர் பந்தலுக்குள் வந்தால் நான் மணையை விட்டு எழுந்து போய்விடுவேன் என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மா வழக்கம்போல் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அந்த வரியை விட்டுவிட்டுப் படித்தேன். “அவ்ளோதானா?” என்றாள். அவ்வளவுதான் என்றேன். நீ சொன்னால் செய்கிறவன் என்பது எனக்குத் தெரியும். அதனால் பத்திரிகை வைப்பதா வேண்டாமா என்று நான் தீர்மானிக்கப் போவதில்லை. நீயே தீர்மானி. ஆனால் அன்று நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டு தீர்மானி.

சரோஜா போனபோது நீ கடல் கடந்து ஏதோ ஒரு பாலைவனத்தில் ராணுவ லாரிகளுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் பொதட்டூர்பேட்டை சித்தப்பன் எழுதியதுதான். பெண் வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை தெருவில் நின்று வண்டியை நோண்டிக்கொண்டிருந்தார், மருத்துவச்சியைக்கூட ஏற்றிக்கொள்ளாமல் போனார் என்று அவன் உனக்கு எழுதினான். உன் சித்தப்பன் பொய் சொல்கிறவன் இல்லை. அன்று தறியை நிறுத்திவிட்டு சைக்கிளில் வந்தவன், தெருமுனையில் இறங்கியபோது கண்ணில் பட்டதை அப்படியே எழுதினான். வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு பையன் குனிந்து பலகையில் கையை ஓட்டிக்கொண்டிருப்பான். இங்கிருந்து பார்த்தால் எழுதுகிறான் என்றே தோன்றும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் எழுதியதையெல்லாம் அழித்துக்கொண்டிருப்பான். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே கை அசைவுதான். சித்தப்பன் பார்த்தது தெருமுனையிலிருந்து. நான் பக்கத்தில் இருந்தேன்.

வண்டி எப்படி வந்தது என்பதிலிருந்து சொல்கிறேன். உன் பாவா ஜெயராமன் பட்டணத்தில் வெளிநாட்டு மோட்டார்களை இறக்கி விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். யுத்தம் தொடங்கியதும் அந்தக் கடையில் இருந்த ஜெர்மன்காரரைச் சர்க்கார் பிடித்துக் காவலில் வைத்துவிட்டது. விற்காமல் நின்ற ஜெர்மன் வண்டி ஒன்றைச் சீந்துவார் இல்லை. எதிரி நாட்டு வண்டி, ஒரு திருகாணி உடைந்தாலும் மாற்று வராது. முதலாளி வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். வாங்கியவர் உன் பாவா. அதற்கு அடுத்த தை மாதம் கல்யாணம். வெள்ளை நிறம், தாழ்ந்த உடம்பு, மேலே கூரை இல்லை, கதவு என்று பெயருக்கு ஒரு துண்டுத் தகடு. மூக்கில் நீளவாக்கில் இரண்டு ஓட்டை. நம் தெருப் பிள்ளைகள் அதைப் பன்றிக்குட்டி என்று கூப்பிட்டார்கள். பாவா கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் யாராவது மட்கார்டைத் தொட்டால் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இடத்தைத் துடைத்துவிடுவார்.

முதல் சங்கடம் அன்று காலையிலேயே வந்தது. புதுப்பெண் புருஷன் வீட்டுக்கு முதன்முதலாகப் போகும்போது கூட ஒரு பெண்துணை போக வேண்டும். அதற்காக உன் அத்தை புதுப்புடவை கட்டிக்கொண்டு, வெற்றிலைப் பையோடு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “ஏம் மாப்ளே, வண்டி வாங்கத் தெரிஞ்ச ஆளுக்கு மூணாவது சீட்டு கேட்டு வாங்கத் தெரியலையா? நான் எங்க குந்தறது, உன் தல மேலயா?” என்றாள். “அத்தே, உங்கள ரயில்ல ஜன்னல் ஓரமா குந்த வெச்சி அனுப்பறேன். நீங்கதான் எங்களுக்கு முன்னால போய்ச் சேருவீங்க” என்றார் அவர். “ஆங், நான் முன்னால போய் உன் வூட்ல எனக்கே ஆரத்தி எடுத்துக்கறேன்” என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தோம். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூட ஒரு பெண் இல்லாமல் தன் பெண்ணை அனுப்புவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அத்தை ரயிலில்தான் போனாள். சரோஜா பாவாவின் பக்கத்தில் உட்கார்ந்து, காற்றில் பறக்காமல் இருக்கத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு கையசைத்தாள். வண்டி திரும்பும்வரை உன் அம்மா வாசலில் நின்றாள். உள்ளே வந்து, “ஒத்தையா போறா” என்றாள். புருஷனோடு போகிறவள் எப்படி ஒற்றை என்று நான் கேலி செய்தேன்.

கிளம்புமுன் எமகண்டம் கழியக் காத்திருந்தபோதுதான் பாவா நமக்கு அந்தக் கம்பெனியின் கதையைச் சொன்னார். உனக்குப் பாதி நினைவிருக்கும். நீ கேள்வி கேட்டு, நான் உன்னைத் திருத்தியபின், “இருங்க மாமா, நான் சொல்றேன் மச்சானுக்கு” என்று சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டார். மோட்டார் செய்ய வேண்டும் என்று தொடங்கிய கம்பெனியே இல்லையாம் அது. ஆகாய விமானத்துக்கு இஞ்சின் செய்தவர்களாம். முதல் யுத்தத்தில் ஜெர்மனி தோற்றதும், இனி விமான இஞ்சின் செய்யக் கூடாது என்று ஜெயித்தவர்கள் தடை போட்டார்கள். இவர்கள் ரயிலுக்குப் பிரேக் செய்தார்கள், பிறகு மோட்டார் சைக்கிள் செய்தார்கள். பட்டு நெய்கிறவனிடம் இனிமேல் பட்டு கூடாது என்று சொன்னால் அவன் தறியை உடைத்துப் போடுவதில்லை, அதே தறியில் லுங்கிக்குப் பாவு நூல் ஏற்றுகிறான் இல்லையா, அதுபோல. அப்புறம் வேறொரு ஊரில் இருந்த மோட்டார் தொழிற்சாலை ஒன்றை வாங்கினார்கள். அங்கே ஒரு சின்ன இங்கிலீஷ் வண்டியை உரிமை வாங்கிச் செய்துகொண்டிருந்தார்களாம். அதையே கொஞ்சம் மாற்றி, வால் பக்கம் படகுபோல் கூராக்கி, இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து போகும் பந்தய வண்டியாகச் செய்தார்கள். அந்த ஊருக்கு மேலே ஒரு மலை, மலைமேல் பழைய கோட்டை. அந்தக் கோட்டையின் பெயரையே அந்த முதல் வண்டிக்கு வைத்தார்கள். “நம்ம கோயில் மலை மாதிரியா பாவா?” என்று நீ கேட்டாய். “ஆங் மச்சான், சாமிதான் இல்ல” என்றார்.

அதற்கப்புறம் ஆறு சிலிண்டர் இஞ்சின் வைத்து ஒரு வண்டி, அதற்கு அண்ணன்போல் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் பிறகு நம் வாசலில் நின்ற இது. மூன்று கார்புரேட்டர் இருந்தன. குதிரைக்குச் சேணம் பூட்டுவதுபோல் இஞ்சின் முன்மூடியைத் தோல்வார் போட்டு இறுக்கியிருந்தது. “மொத தடவ பந்தயத்துல எறக்கினப்பவே ஜெயிச்சிடுச்சி மாமா. பின்னால வந்தவனுக்குப் பொகதான் மிச்சம்” என்றபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், அந்தப் பந்தயத்தை அவரே ஓட்டி ஜெயித்ததுபோல் இருந்தது. பிறகு உன் கேள்விக்கு வந்தார். “எடம் கொறைச்சா எடை கொறையும் மச்சான். எடை கொறைஞ்சா ஓட்டம். வூட்டத் தூக்கிகினு ஓட முடியுமா?” நல்ல விளக்கம் என்று அன்று நினைத்தேன். வகுப்பில் சொல்லலாம் என்றுகூட மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு பல வருஷம் யோசித்ததில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. வீட்டைத் தூக்கிக்கொண்டு போகாதவர்களுக்காக, போகிற இடத்தில் எல்லாம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறவர்களுக்காகச் செய்த வண்டி அது. நம் ஊரில் மலைக்குக் கும்பிடப் போகிறவன்கூடத் துணைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டுதான் போவான். நல்லதோ கெட்டதோ, நாம் இரண்டு இரண்டு பேராக எங்கேயும் போவதில்லை.

அதன்பின் நீ பட்டாளத்துக்குப் போனாய். பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஓடின. பாவா வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வேலைக்கு சைக்கிளில் போய்வந்தார். பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனங்கள் ஓடி வந்தபோதும் சரோஜாவை ரயிலில்தான் இங்கே கொண்டுவந்து விட்டார், வண்டியை எடுக்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு அவள் நம் வீட்டில் இருந்தபோது, மாதம் நெருங்கிய சமயத்தில், ஒருநாள் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. ஊரே பெட்ரோல் இல்லாமல் நடக்கும்போது பவிசு காட்ட வந்திருக்கிறார் என்று பேசினார்கள். உன் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அவசரம் என்று வந்தால் வேண்டுமே என்று, கிடைத்த பெட்ரோலையெல்லாம் செலவழிக்காமல் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தவர் அவர். அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சரோஜா என்னிடம் சொன்னாள்.

வலி எடுத்த மறுநாள் காலை மருத்துவச்சி முனியம்மா வெளியே வந்தாள். உங்கள் இருவருக்கும் பிரசவம் பார்த்த கை அது. “வாத்தியாரே, புள்ள குறுக்க கெடக்குது. இது என் கையில இல்ல. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க, இப்பவே” என்றாள். ரயிலை நம்ப முடியாது. ராணுவ ரயில்களுக்கு வழிவிட்டு நம் ரயில்கள் எங்கெங்கோ நின்றுகொண்டிருந்த காலம். கரி பஸ் சோளிங்கர் பக்கம் எங்கோ அடுப்பு அணைந்து கிடப்பதாகச் சொன்னார்கள். மாட்டு வண்டி வேலூர் போய்ச் சேருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகும். முனியம்மா பேசி முடிப்பதற்குள் பாவா வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நானும் அவருமாகச் சரோஜாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தோம்.

உன் அம்மா வண்டியின் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். “ஒரு பொம்பள கூட இல்லாம என் பொண்ண அனுப்ப மாட்டேன். வழியில ஒண்ணு ஆச்சின்னா ஆம்பள இன்னா செய்வீங்க?” என்றாள். “எடம் இல்ல அத்தே. நான் ஓட்டணும், அவ குந்தணும்” என்றார் பாவா. “அன்னிக்கும் அதத்தான் சொன்ன. அன்னிக்கு ஒத்தையா அனுப்புனேன். இன்னிக்கு அனுப்ப மாட்டேன். முனியம்மா கூட வரட்டும். எடம் பண்ணுங்க மாப்ளே” என்றாள். பாவா என்னைப் பார்த்தார். நான் தெளிவாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் விலகியிருப்பாள். ஆனால் அவள் கேட்டதில் தப்பு இருப்பதாக எனக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை. பிரசவ வேதனையில் இருக்கிற பெண்ணைப் பெண் கை படாத இடத்துக்கு அனுப்புவது நம் வீடுகளில் யாரும் செய்யாத காரியம். தெருவில் நின்ற பெண்கள் எல்லோரும் அவள் பக்கம்தான் பேசினார்கள். சரோஜாவைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம்.

அந்த வண்டியில் இரண்டு இருக்கைக்கும் பின்னால் பெட்டி வைக்கக் குழிவாகக் கொஞ்சம் இடம் உண்டு. அதற்கு முன்னால் ஒரு பலகைத் தடுப்பு. பாவா எதிர்வீட்டில் கடப்பாரை வாங்கிவந்து அந்தத் தடுப்பை உடைக்க ஆரம்பித்தார். குழந்தை கை பட்டாலே துண்டால் துடைத்த மனிதர். தன் இருக்கையின் முதுகைப் பெயர்த்தார், தோலைக் கிழித்தார். மரமும் தகடும் சேர்த்து இறுக்கிச் செய்த உடம்பு, லேசில் விடவில்லை. உள்ளே சரோஜா கத்தும்போதெல்லாம் அவர் கை ஒருதரம் நின்றுவிட்டு மறுபடி ஓங்கும். அவர் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கடப்பாரையில் வழிந்தது. அந்த நேரத்தில்தான் உன் சித்தப்பன் தெருமுனையில் சைக்கிளைவிட்டு இறங்கினான். “பொண்டாட்டி அங்க கத்திகினு கீறா, இவன் இங்க வண்டிய நோண்டிகினு கீறான் பாரு” என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் திரும்பிப் பார்த்து, அப்படி இல்லை என்று சொல்லவில்லை. கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, அது எதற்கு என்றுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

இடம் ஆயிற்று. முனியம்மாவைப் பிடித்து ஏற்றினோம். பாவம், அவள் பருத்த உடம்பு. முழங்கால் மடங்கவில்லை, மடங்கியபோது மூச்சு விட முடியவில்லை. இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வெளியே எடுத்தோம். “இன்னும் கொஞ்சம் ஒடச்சா…” என்று பாவா கடப்பாரையைத் தேடினார். அதற்குள் சரோஜா தானாகவே சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. “போதும்மா. அவரு இருக்காரு இல்ல. போலாம்” என்றாள். உன் அம்மா வழிவிட்டாள். இருவரும் போனார்கள். அவர்கள் போன பிறகு மணி பார்த்தேன். எவ்வளவு நேரம் வீணாயிற்று என்பதை உனக்கு எழுத மாட்டேன். அது உனக்குத் தெரிந்தால் நீயும் என்னைப்போல் அதையே வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாய்.

சாயங்காலம் வெயில் தாழ்கிற நேரம் வண்டிச் சத்தம் கேட்டது. மெதுவாக, மாட்டு வண்டியின் வேகத்தில் வந்தது. கூரை இல்லாத வண்டி, தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. பாவா ஓட்டிக்கொண்டு வந்தார், சரோஜா அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று உன் அம்மா ஓடினாள். தெருவில் ஒருத்தி, “பொழச்சிகினா, பொழச்சிகினா” என்று கத்தினாள். வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் சரோஜாவை அவளுடைய தலைப்பாலேயே இருக்கையோடு சேர்த்துக் கட்டியிருந்தது தெரிந்தது. வாலாஜா போய்ச் சேருமுன்னே முடிந்துவிட்டது. குழந்தை பிறக்கவே இல்லை. பாவா வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீரிங் சக்கரத்தைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

யுத்தம் முடிந்து நீ வந்த அன்றைக்கே அவர் உன்னைப் பார்க்க வந்தார். நீ வாசலில் நின்றுகொண்டு, “எங்க வூட்டு முன்னால வண்டி நிறுத்த எடம் இல்லைங்க” என்று சொன்னாய். அவர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்திருந்தார். “ஆங், சரி மச்சான்” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனார். நீ பேசியது எனக்கு உள்ளே கேட்டது. ஜெர்மன் குண்டுகளுக்கு நடுவே இருந்துவிட்டு வந்த பிள்ளை, அவனை இப்போது எதுவும் கேட்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் கண் காட்டப் பட்டணம் வந்தபோது, உனக்குச் சொல்லாமல் பெரம்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் இருக்கிறார். அம்மா அப்பா போய்விட்டார்கள், வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பின்கட்டில் தகரக் கொட்டகையில் அந்த வண்டி செங்கல்மேல் நிற்கிறது. உடைத்த பலகை உடைத்தபடி, பிளவெல்லாம் அப்படியே இருக்கிறது. இரண்டு பேரும் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தோம். மகளைப் பற்றிக் கேட்கத் தைரியம் இல்லாதவன் வண்டியைப் பற்றிக் கேட்டேன். “அந்தக் கம்பெனிக்காரங்க இப்ப என்ன பண்றாங்க மாப்ளே?” என்றேன். “காரே செய்யக் கூடாதுன்னுட்டாங்க மாமா. குண்டு விழுந்து பாதி போச்சி, மீதிய ஜெயிச்சவங்க கழட்டிகினு போய்ட்டாங்க. அலுமினியத்துல சட்டி பான செஞ்சிகினு இருந்தாங்களாம். இப்பத்தான் மறுபடி மோட்டார் சைக்கிளுக்கு உத்தரவு கெடச்சிருக்குதாம்” என்றார். கோட்டை இருக்கிற அந்த ஊர் ரஷ்யாக்காரர் கைக்குப் போய்விட்டதாம். இந்த வண்டியின் வரைபடங்களை இங்கிலீஷ்காரர் எடுத்துப்போய், அதே இஞ்சினைத் தங்கள் பெயரில் செய்கிறார்களாம். “இந்த ரெண்டு பேர் வண்டி?” என்று கேட்டேன். “இனிமே அத யார் மாமா செய்வா” என்றார். முன்பு செய்ததுபோல் அவர்கள் மறுபடியும் தறியில் வேறு பாவு ஏற்றிக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லவில்லை, அவர் ஆறுதல் கேட்கவில்லை.

பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “மாமா, அன்னிக்கு சோளிங்கர் தாண்டினதும் சரோஜா…” என்று ஆரம்பித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ரயிலுக்கு நேரமாச்சு மாப்ளே” என்று எழுந்துவிட்டேன். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவருக்கும் அது தெரியும். “ஆங், வாங்க மாமா, ஸ்டேஷன் வரைக்கும் வரேன்” என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசினோம்.

நம் பெண் உயிரோடு இருந்த கடைசி நேரத்தில் அவள் பக்கத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். வேறு ஆளுக்கு இடம் இல்லை, ஆகவே வேறு சாட்சி இல்லை. அவள் பயந்தாளா, யாரையாவது கேட்டாளா, தண்ணீர் கேட்டாளா, உன் பெயரைச் சொன்னாளா, அவருக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷமாக நாம் யாரும் அவரைக் கேட்கவில்லை. நீ கதவைச் சாத்தினாய். நான் ரயிலைச் சாக்குச் சொன்னேன். உன் அம்மாவுக்குக் கேட்கும் பலம் இல்லை. தெருவில் மோட்டார் சத்தம் கேட்டால் இப்போதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இதை எல்லாம் படித்துவிட்டு, பாவாமேல் இருந்த கோபத்தை எடுத்து அவள்மேல் வைத்துவிடாதே. அவள் சொன்னதை அன்று அந்தத் தெருவில் எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். பழியை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைத்தால் நமக்கு மனசு லேசாகும்தான். ஆனால் இந்த விஷயத்தில் அப்படி ஓர் ஆள் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

உன் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய அக்காவின் கை இல்லை. பங்காளி வீட்டுப் பெண் யாராவது போடுவாள், சடங்கு நடந்துவிடும். உன் மனைவியோடு பள்ளிப்பட்டிலிருந்து துணைக்கு ஒரு பெண் வருவாள். அவளை நல்ல இடத்தில் உட்காரவை, அவள் என்ன கேட்டாலும் எரிச்சல்படாதே. நீயும் உன் மனைவியும் எங்கே போனாலும், எதில் போனாலும், பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு போங்கள். எனக்கு வயதாகிவிட்டது. அவர் சொல்ல வந்ததைக் கேட்காமலே போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் இன்னொரு தடவை போனாலும் எழுந்துதான் வருவேன், என்னை எனக்குத் தெரியும். பத்திரிகை விஷயத்தை அப்புறம் வைத்துக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரம்பூருக்குப் போ. சோளிங்கர் தாண்டியதும் அக்கா என்ன சொன்னாள் என்று பாவாவிடம் கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்காதே.